மிதந்த நாற்று

எனக்குப் பயம் முழங்காலில் வரும். சிலருக்கு வயிற்றைக் கலக்கும், சிலருக்கு வாய் உலர்ந்துபோகும் என்கிறார்கள். எனக்கு முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்காமல் தன் பாட்டுக்கு ஆடத் தொடங்கிவிடும். பல்லி விழுந்தாலும் ஆடும், போலீஸ் வேன் வந்தாலும் ஆடும், பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறினாலும் ஆடும். இந்த லட்சணத்தில் மகளிர் குழுக் கூட்டங்களில் என்னை மேடையேற்றி, "இந்தம்மா பெரிய தைரியசாலி, அந்தக் காலத்துலயே பண்ணையை எதிர்த்து நின்னவங்க" என்று சொல்லி ஒரு துண்டைப் போர்த்துகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. நின்றது உண்மைதான். சேற்றில் கால் புதைந்திருந்ததால் நின்றேன். கட்டாந்தரையாக இருந்திருந்தால் ஓடியிருப்பேன்.

சமீபத்தில் பயிற்சி கொடுக்க வந்த ஒரு பெண், "வாழ்க்கையில ஒரு குறிக்கோள் வேணும், எதையும் நாமளே முன்வந்து செய்யணும், அதுக்கு முதல்ல பயத்தை விடணும்" என்றாள். நல்ல பெண். முதல் இரண்டுக்கும் தலையாட்டினேன். மூன்றாவதுக்குத் தலை ஆடவில்லை. பயம் போகட்டும், பிறகு செய்யலாம் என்று நான் காத்திருந்தால் இன்றைக்கு எங்கள் தெருவே இருந்திருக்காது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நன்னிலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் கரையை ஒட்டி எங்கள் குடிசைகள் வரிசையாக இருந்தன. குடிசை எங்களுடையது. அதன் அடியில் இருந்த மண் பண்ணையாருடையது. என் மாமனார் பிறந்ததும் செத்ததும் அந்த மண்ணில்தான், ஆனால் ஒரு முருங்கைக் கொம்பு ஊன்றுவதற்கும் பண்ணையில் கேட்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான், குடியிருக்கும் மனைக்கட்டு குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்தவள் என்பதால் டீக்கடைப் பேப்பரை வாங்கிவந்து தெருவுக்கே நான்தான் வாசித்துக் காட்டினேன். பக்கத்துக் குடிசை அக்கா, "இன்னொரு தடவை படிடி, இன்னொரு தடவை படிடி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எங்கள் பண்ணையார் அப்போது ஆளுங்கட்சியில் முக்கியமானவர். மேடையேறினால் ராசி, சகுனம், நல்ல நேரம் எல்லாவற்றையும் கிழிகிழியென்று கிழிப்பார். நானே ஒரு கூட்டத்தில் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். இந்தச் சட்டத்தையும் மேடையில் ஆகா ஓகோவென்று புகழ்ந்தார். மேடையிலிருந்து இறங்கியதும் காரியக்காரரை எங்கள் தெருவுக்கு அனுப்பினார். பண்ணை வரவுசெலவு, ஆள் வைப்பது, ஆளை விரட்டுவது எல்லாம் காரியக்காரர்தான். சம்பா நடவு முடிந்த கையோடு குடிசைகளைப் பிரித்துக்கொண்டு ஆற்றுப் படுகைக்குப் போய்விட வேண்டும் என்றார். படுகை என்றால் மழைக்காலத்தில் ஆறு வந்து படுத்துக்கொள்ளும் இடம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே எப்படி இருப்பது?

எங்கள் ஆண்கள் மறுத்தார்கள். வாய்ப்பேச்சு கைகலப்பாகி, காரியக்காரர் மண்டை உடைந்தது. வழக்குப் போட்டார்கள். வேன் வந்தது. அதன்பிறகு தெருவில் மீசை முளைத்த ஒருவரும் இல்லை. என் வீட்டுக்காரரும் மற்றவர்களோடு எங்கோ தலைமறைவாகிவிட்டார். விவசாயத் தொழிலாளர் சங்கத்திலிருந்து ஒரு தோழர் சைக்கிளில் வந்து, "தலைவர் வெளியூர் போயிருக்காரு. அவரு வர்றவரைக்கும் நீங்களா எதையும் செஞ்சு வச்சிடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனார். நாங்களும் காத்திருந்தோம். புருஷன் சொன்னால் செய்வது, சங்கம் சொன்னால் செய்வது, பண்ணை சொன்னால் செய்வது என்று பழகியவர்களுக்குச் சொல்ல ஆளில்லாவிட்டால் கை கால் ஓடாது.

அந்தக் காத்திருப்பைப் போலப் பயங்கரமான ஒன்றை நான் பிறகு அனுபவித்ததில்லை. கிழக்கே ஓர் ஊரில் குடிசைகள் எரிந்ததும் அதற்குள் மனிதர்கள் எரிந்ததும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசமாட்டோம். பேசாமல் ஒவ்வொருத்தியும் கூரைக்கு அருகில் இருந்த வைக்கோலை அப்புறப்படுத்தினோம். குடத்தில் எப்போதும் தண்ணீர் வைத்துக்கொண்டோம். யாராவது சருகு கொளுத்தினால்கூட நான் தவழ்ந்துகொண்டிருந்த என் மகளை வாரியெடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். சோறு ஆக்குவதற்கு அடுப்புப் பற்றவைக்கவே கை கூசியது.

இப்போது என் கைராசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தாலும் கதை அதில்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் நடவு தொடங்கும்போது ராசியான கை உள்ள ஒரு பெண்தான் முதல் நாற்றை ஊன்ற வேண்டும். அவள் ஊன்றி, பெண்கள் குலவையிட்ட பிறகுதான் மற்றவர்கள் வயலில் இறங்குவார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில், வழக்கமாக ஊன்றுகிற பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். யாரோ என்னைத் தள்ளிவிட்டார்கள். அந்த வருஷம் சுற்றிலும் எல்லா ஊர் வயலும் மழையில் மூழ்க, எங்கள் பண்ணை வயல் மட்டும் தப்பித்தது. மேட்டு நிலம், தப்பித்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அன்றையிலிருந்து நான் ராசிக்காரி. ஒவ்வொரு நடவுக்கும் பண்ணையிலிருந்து வெற்றிலை, மஞ்சள், ஒரு ரவிக்கைத் துணி வைத்துத் தட்டு வரும். ராசியைக் கிழிகிழியென்று கிழிக்கும் பண்ணையார்தான் அனுப்புவார். கேட்டால் வீட்டுப் பெண்களுக்காக என்பார்.

அந்த வருஷமும் தட்டு வந்தது. நாற்றங்காலில் நாற்று வயது கடந்து முற்ற ஆரம்பித்திருந்தது. எங்களை நம்பாமல் ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து லாரியில் பெண்களை வரவழைக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். தட்டைக் கொண்டுவந்த காரியக்காரர் தலையில் இன்னும் கட்டு இருந்தது. வாசலில் நின்றபடி, "ஏ புள்ள, நாளைக்கிக் காலையில வந்து முதல் நாத்து வச்சிட்டுப் போயிரு" என்றார். பிறகு குரலை இறக்கி, "நடவு முடிஞ்சதும் தெருவைப் பிரிக்கிறதுதான். ஐயா உன் குடிசைய மட்டும் விட்டுடச் சொல்லிட்டாரு. வாயத் தொறக்காம வந்து வேலையப் பாரு" என்றார். தட்டை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என் குடிசை தப்பித்தது. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், மறைப்பானேன். அடுத்த மூச்சில் முழங்கால் ஆடத் தொடங்கியது. மற்ற குடிசைகளெல்லாம் போய், மொட்டை வெளியில் என் குடிசை மட்டும் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். கூப்பிட்டால் கேட்க ஒரு ஆள் இருக்காது. படுகையிலிருந்து தெருக்காரர்கள் என் குடிசையைப் பார்த்துக் காறித் துப்புவார்கள். வீட்டுக்காரரும் பக்கத்தில் இல்லை. பயந்தவளுக்கு அக்கம்பக்கம் வேண்டும். தியாகம், ஒற்றுமை என்று என்னைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்குத் தனியாக இருக்கப் பயம், அதுதான் உண்மை.

தட்டோடு பக்கத்துக் குடிசைக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நான் என்னக்கா செய்ய?" என்றேன். அக்கா எங்கள் நடவுக் கூட்டத்தில் மூத்தவள். யாருக்கும் பதில் சொல்லத் தயங்காத வாய். 

"எனக்கென்னடி தெரியும்? சங்கத்துக்காரங்க வரட்டும்."

"அவங்க வர்றதுக்குள்ள நடவு முடிஞ்சிடும்க்கா."

"அதுக்கு என்னைய என்ன பண்ணச் சொல்றே? எனக்கு மட்டும் பயமில்லையா?"

அக்காவுக்கும் பயம் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. தெருவில் நடந்தேன். எல்லா வாசலிலும் பெண்கள் நின்று என் கையில் இருந்த தட்டையே பார்த்தார்கள். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நாற்றோ முற்றிக்கொண்டிருக்கிறது. அது நடப்படும்வரைதான் பண்ணைக்கு நான் வேண்டும். நட்ட மறுநிமிஷம் வேண்டாம். யாராவது எதையாவது கேட்பதென்றால் அதற்கு முன்னால்தான் கேட்க முடியும், அந்த இடத்தில் நிற்கப்போவது நான் ஒருத்திதான் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஏறியதும் வேறு யாருக்காவது அந்த ராசி இருந்திருக்கக் கூடாதா என்று அழுகை வந்தது.

காலையில் பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். கோயில் பக்கத்து வயலில் தண்ணீர் கட்டிப் பரம்படித்துச் சமப்படுத்தித் தயாராக வைத்திருந்தார்கள். வரப்பில் லாரியில் வந்த பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார்கள். தடியோடு சில ஆட்கள் களத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பண்ணையார் குடை பிடித்தபடி, நடப்பதற்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காரியக்காரர் சூடம் கொளுத்தி என் கையில் ஒரு நாற்று முடியைக் கொடுத்தார்.

இறங்கினேன். சேறு கெண்டைக்கால்வரை வாங்கியது. முடியைப் பிரித்து ஒரு குத்து நாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தவள் அப்படியே நிமிர்ந்துவிட்டேன். வாயைத் திறந்தேன்.  

"ஐயா, குடிசைகளப் பிரிக்க மாட்டோம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நட்டுர்றேன்."

பண்ணையார் வானத்தை விட்டு என்னைப் பார்த்தார். "உன் குடிசையத்தான் விடச் சொல்லியாச்சே."

"எல்லாத்தையும்யா."

"என்னடி, வெலை பேசுறியா? நீ இல்லன்னா என் வயல்ல நடவு நடக்காதா?" என்றவர் லாரிப் பெண்கள் பக்கம் திரும்பி, "எறங்குங்க எல்லாரும்" என்றார்.

அவர்கள் இறங்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் வயதான ஒரு பெண், "கோவிச்சுக்காதீங்கய்யா. ராசிக் கைய நிப்பாட்டி வச்சிட்டு நாங்க எறங்குனா நாளைக்கி வெளையலன்னா எங்க தலையிலதான விடியும்? அந்தப் பொண்ணு ஒரு நாத்து வச்சிரட்டும், நாங்க எறங்குறோம்" என்றாள்.

பண்ணையாரே இறங்கி ஒரு நாற்றை ஊன்றியிருக்கலாம். ராசியாவது மண்ணாங்கட்டியாவது என்று மேடையில் சொன்னதைச் செய்து காட்டியிருக்கலாம். ஒரு கால் வரப்பின் விளிம்புக்கு வந்ததை நான் பார்த்தேன். வந்த கால் திரும்பிப் போனதையும் பார்த்தேன். அவருக்கும் பயம். அது தெரிந்ததும் எனக்குத் தெம்பு வந்திருக்கும் என்றுதான் கேட்கிறவர்கள் நினைப்பார்கள். இல்லை. பயந்த மனுஷனிடம் தடியோடு ஆட்கள் இருந்தால் அவன் என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும்? என் முழங்கால் ஆடி, சுற்றிலும் தண்ணீர் வட்டம் வட்டமாக நகர்ந்தது.

காரியக்காரர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினார். சேற்றில் அமுக்கிக் கொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, நாற்றோடு சேர்த்துக் கையை மண்ணுக்குள் அழுத்தப் பார்த்தார். நான் கையை மடக்கிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். வீரமாக எதுவும் சொல்லவில்லை. "அம்மா, அம்மா" என்று சின்னப் பிள்ளை போல அழுதேன். அதே நேரம் எதிர் வரப்பில் யாரோ அழும் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினால், அக்கா இடுப்பில் என் மகள். அவளுக்குப் பின்னால் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். யார் கூப்பிட்டு வந்தார்களோ தெரியாது. அக்கா என்னிடம் பேசவில்லை. காரியக்காரரைப் பார்த்து, "அழுவ வச்சு நடச் சொல்றியே, அழுத கண்ணோட வச்ச நாத்து வெளங்குமாய்யா?" என்று கத்தினாள்.

"விடுறா அவ கைய!" என்றார் பண்ணையார். அவர் குரல் கிறீச்சிட்டது.

காரியக்காரர் விட்டார்.  என் மகள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் பண்ணையார்.

எனக்கு அது போதவில்லை. எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததென்று இன்றைக்கும் தெரியவில்லை. "எல்லாரும் கேக்குற மாதிரி சொல்லுங்கய்யா" என்றேன். அவர் என்னை முறைத்தார். பிறகு எதிர் வரப்பைப் பார்த்து, "ஒரு குடிசையும் பிரிக்கல. எல்லாம் அங்கயே இருக்கட்டும். போதுமா?" என்றார். அழுத முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு நடு என்று காரியக்காரர் என்னிடம் எரிந்து விழுந்தார். துடைத்தேன். குனிந்து நாற்றை ஊன்றினேன். குலவை எழுந்தது.

நிமிர்வதற்குள் அது நடந்தது. கை நடுங்கிய நடுக்கத்தில் வேர் மண்ணில் பிடிக்கவே இல்லை. நான் கையை எடுத்ததும் அந்த நாற்று மெல்ல எழும்பித் தண்ணீரில் மிதந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. முதல் நாற்று மிதந்தால் அதைவிடக் கெட்டது வேறில்லை. வரப்புக்கு முதுகைக் காட்டியபடி அதை அப்படியே காலால் சேற்றுக்குள் மிதித்துவிட்டு, வேறொரு குத்தை எடுத்துப் பெருவிரலால் ஆழமாக அழுத்தினேன். அது நின்றது. அதற்குள் அக்கா பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள். எங்கள் தெருப் பெண்களும் லாரிப் பெண்களும் ஒன்றாக இறங்கினார்கள். யாரும் பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பயம் அன்றோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றுதான் ஆரம்பித்தது. அந்த வயல் விளையாவிட்டால் பண்ணையார் வார்த்தையைக் காப்பாற்ற மாட்டார். விளைந்துவிட்டால், அறுவடை முடிந்த கையோடு அரசாங்கத்தில் வந்து மனையை அளந்துவிட்டால், தப்பித்தோம். என் தெருவே அந்த ஒரு வயலில் நட்டு வைத்தது போல ஆகிவிட்டது. ராசி என் கையில் இல்லை என்பது மற்ற யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே உழைத்துத்தான் அதை வரவழைக்க வேண்டும்.

யாரும் சொல்லாமல், கூலி கேட்காமல், தினமும் விடிந்ததும் அந்த வயலுக்குப் போனேன். வரப்பில் நண்டு வளை போட்டிருந்தால் மண் அடைத்தேன். தண்ணீர் அதிகமானால் மடையை வெட்டிவிட்டேன், குறைந்தால் அடைத்தேன். தோகை மேல் பூச்சி முட்டை வைத்திருந்தால் கிள்ளி எடுத்து நசுக்கினேன். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வடிகாலில் அடைத்த செத்தையை இழுத்துப் போட்டேன். ஒரு மூலையில் பயிர் கருகுவது போலத் தெரிந்தபோது புகையான் என்ற பூச்சி விழுந்துவிட்டது என்று புரிந்து, மருந்தடிக்கச் சொல்லி அதே காரியக்காரர் வாசலில் போய் நின்றேன். முழங்கால் ஆடிக்கொண்டேதான் நின்றேன். "உனக்கென்ன புள்ள இவ்ளோ அக்கறை?" என்று சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் மருந்து அடித்தார்கள்.

நடுவில் என் வீட்டுக்காரர் ஜாமீன் வாங்கித் திரும்பி வந்தார். பண்ணை வயலில் பூச்சி கிள்ளிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "உனக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?" என்றார். நாற்று மிதந்த கதையை அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலித்துவிடுமோ என்று பயம்.

தை மாதம் அறுத்தார்கள். கண்டுமுதலில், அதாவது கிடைத்த விளைச்சலில், குறையில்லை. களத்தில் நெல் குவிந்ததைப் பார்த்துவிட்டு வாய்க்காலில் இறங்கி நெடுநேரம் முகம் கழுவினேன். அதற்குள் சங்கத்துத் தலைவரும் வந்திருந்தார், அலைந்து திரிந்து மனுக் கொடுத்திருந்தார். தாலுகா ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து எங்கள் தெருவில் சங்கிலி பிடித்து அளந்தார்கள். பண்ணையாரும் வந்து நின்றார், நிற்காமல் முடியாது.

என் மனையை அளந்து கல் நட்டபோது அவர் என் பக்கத்தில் வந்தார். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அன்னைக்கி அந்த நாத்து மெதந்துச்சே" என்றார்.

முழங்கால் ஆடத் தொடங்கியது. "பாத்தீங்களாய்யா?" என்றேன்.

"பாத்தேன். நீ கால்ல மிதிச்சதையும் பாத்தேன்."

"அப்ப ஏன்யா ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா பலிச்சிரும்ல" என்றார். "அறுப்பு முடியிறவரைக்கும் எனக்குத் தூக்கமே இல்ல. மெதந்துபோன நாத்துக்கு ஒரு தெருவையே விட்டுக் குடுத்தேன்."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் போகம் முழுவதும் அவரும் நானும் ஒரே நாற்றைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். அவர் பயந்து வீட்டில் படுத்திருந்தார். நான் பயந்து வயலுக்குப் போனேன்.

அக்கா ஓடிவந்து, "என்னடி சொல்லிட்டுப் போறாரு? மெரட்டுறாரா?" என்றாள்.

"இல்லக்கா" என்றேன். முழங்கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதோடே போய், யாரையும் கேட்காமல், கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினேன்.